மூடாத டிராவர்ஸுக்கு ஒரு வக்காலத்து



நம்ம சிவில் பிரிவில் எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் யாரும் வெளியில் பேசாத ஒரு கலை உண்டு. அதன் பெயர் 'குக்கிங்'. ஹாஸ்டல் மெஸ்ஸில் நடப்பதல்ல, ஃபீல்டு புக்கில் நடப்பது! மைதானத்தில் அளந்தது ஒன்று, ரெக்கார்டு நோட்டில் ஏறுவது இன்னொன்று. இதைப் பற்றி மலரில் எழுதப் போகிறேன் என்றதும், "ஏன்டா மாப்ளே, எக்ஸ்டர்னல் யாராவது படிச்சுட்டா?" என்று ரூம்மேட் பயந்தான். படிக்கட்டும். நானும் சமைத்தவன்தான்.

போன வருஷம் சர்வே கேம்ப். எங்கள் பேட்ச்சுக்கு வந்தது ஏ, பி, சி, டி, ஈ என்று ஐந்து ஸ்டேஷன் கொண்ட மூடிய டிராவர்ஸ். சுற்றளவு சுமார் 300 மீட்டர். ஐந்து பக்கம் என்றால் உட்கோணங்களின் கூட்டல் 540 டிகிரி. பி, சி, டி, ஈ முடித்தாயிற்று. வெயில் மண்டையைப் பிளந்தது. திரும்ப ஏ-க்கு வந்து, முக்காலியை நட்டு, பிளம்ப் பாப் பார்த்து சென்டரிங் செய்து, பபிளை நடுவில் நிறுத்தி, ஃபேஸ் லெஃப்ட், ஃபேஸ் ரைட் இரண்டும் எடுக்க யாருக்கும் தெம்பில்லை. "நாலு கோணம் இருக்கு. 540-ல கழிச்சா அஞ்சாவது தானா வந்துடப் போகுது!" என்று வழி சொன்னவன் நான்தான்.

கழித்தோம். பிறகு ஐந்தையும் கூட்டினோம். 540 டிகிரி, 0 நிமிடம், 0 விநாடி! எங்களைப் போல அளந்தவன் உலகத்திலேயே கிடையாது!

ராத்திரி கேல்ஸ் டேபிள் போட்டபோது சாயம் வெளுத்தது. லாட்டிட்யூடு கூட்டலும் டிபார்ச்சர் கூட்டலும் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். எங்களுக்கு வந்த குளோசிங் எரர் 1.4 மீட்டர்! அதாவது சுமார் 214-க்கு 1. காம்பஸ் டிராவர்ஸுக்கே 300-க்கு 1 என்று பாடப் புத்தகம் சொல்கிறது. தியோடலைட்டை வைத்துக்கொண்டு காம்பஸுக்கும் கீழே போய்விட்டோம். என்ன செய்தோம்? டேப் அளவுகளில் இங்கே கொஞ்சம் கூட்டி, அங்கே கொஞ்சம் குறைத்து, எரரை 2 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினோம்.

மறுநாள் சார் நோட்டைப் புரட்டினார். திட்டவில்லை. "சரிப்பா, உங்க கோஆர்டினேட்டை வெச்சே, பி-ல நின்னு ஈ பெக்கைக் காட்டுங்க" என்றார். கோணமும் தூரமும் கணக்குப் போட்டு, டேப்பை இழுத்துக்கொண்டு போனோம். பெக் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புல்! நிஜ பெக் ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

காரணம் டி ஸ்டேஷனில் இருந்தது. அங்கே ஃபேஸ் லெஃப்ட் மட்டும் எடுத்துவிட்டு, ஃபேஸ் ரைட்டை 'எழுதி' இருந்தோம். எடுத்த அந்த ஒன்றிலும் 1 டிகிரி தப்பாகப் படித்திருந்தோம். டி-யிலிருந்து ஏ-க்கு நேர்தூரம் 80 மீட்டர். 1 டிகிரி திரும்பிய கோடு 80 மீட்டரில் 1.4 மீட்டர் விலகும். கணக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது, பாருங்கள்! அந்த 1.4 மீட்டர் சும்மா வரவில்லை. "டி-ல தப்பு இருக்குடா" என்று கத்திக்கொண்டிருந்தது. வாயைப் பொத்தியவர்கள் நாங்கள்.

ஏ-யில் கோணத்தை அளந்திருந்தால் கூட்டலில் 1 டிகிரி இடித்திருக்கும். 20 விநாடி லீஸ்ட் கவுண்ட் உள்ள கருவிக்கு ஐந்து ஸ்டேஷனில் அனுமதி 20 பெருக்கல் ரூட் 5, சுமார் 45 விநாடிதான். களத்திலேயே பிடிபட்டிருக்கும். கடைசிக் கோணம் வெறும் ஒரு கோணம் அல்ல, மற்ற நான்குக்கும் அதுதான் சாட்சி. சாட்சியை நாமே எழுதிக்கொண்டால் வழக்கு என்ன ஆகும்?

"அப்படின்னா பவுடிச் ரூல் மட்டும் என்ன, அதுவும் ஒரு சமையல்தானே?" என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை. பவுடிச் சின்னப் பிழையை ஒப்புக்கொண்டு, பக்கங்களின் நீளத்துக்கு ஏற்ப எல்லோர் முன்னாலும் பங்கிடுகிறார். அளந்ததும் தாளில் இருக்கும், திருத்தியதும் இருக்கும். மறைப்பது வேறு, பங்கிடுவது வேறு. மேலும் 1 டிகிரி மாதிரி மொத்தத் தப்பைப் பங்கிடவே கூடாது. திரும்பப் போய் அளக்க வேண்டியதுதான்.

நம் சென்னைப் பரங்கிமலையில் 1802-ல் ஏழரை மைல் பேஸ்லைனோடு தொடங்கியது லாம்டனின் நில அளவை. 1804-ல் பெங்களூர் அருகே இன்னொரு பேஸ்லைனை நேராக அளந்து, முக்கோணங்கள் வழியே கணக்கில் வந்த நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். வித்தியாசம் சில அங்குலம். அதையும் அவர் மறைக்கவில்லை. அந்த வித்தியாசத்தைக் காட்டியதால்தான் அவருடைய அளவை உலகம் நம்பியது.

"டோட்டல் ஸ்டேஷன் வந்தாச்சு, இதெல்லாம் எதுக்கு?" என்பது அடுத்த வாதம். ஒப்புக்கொள்கிறேன், சைட்டில் அதுதான் ஓடுகிறது. ஆனால் தப்பான பெக்கின் மேல் நிறுத்தினாலும், பிரிசம் உயரத்தைத் தப்பாகப் போட்டாலும், அது தப்பை அழகாக விநாடி சுத்தமாகக் காட்டும். கருவி மாறலாம், திரும்பி வந்து மூடிப் பார்க்கும் வேலை மாறாது.

குற்றம் மாணவன் மேல் மட்டுமா? 2 சென்டிமீட்டர் காட்டினால் முழு மார்க், 30 சென்டிமீட்டர் காட்டினால் "என்னடா அளந்தீங்க?" என்றால் எவன் உண்மையை எழுதுவான்? ஆசிரியப் பெருமக்களுக்குப் பணிவான வேண்டுகோள்: எரர் எவ்வளவு என்பதற்கு மட்டுமின்றி, அது எங்கே வந்தது என்று கண்டுபிடிப்பதற்கும் மார்க் கொடுங்கள். நண்பர்களுக்கு: ரீடிங்கைக் களத்திலேயே எழுதுங்கள். தப்பினால் அழிக்காமல் ஒரே கோடு அடித்து மேலே எழுதுங்கள். கடைசிக் கோணத்தை அளந்தே தீருங்கள்.

நாளைக்கு நாம் நடப்போகும் கல் ரெக்கார்டு நோட்டில் நிற்காது. அண்ணன் வயலுக்கும் தம்பி வயலுக்கும் நடுவில் நிற்கும். அது ஒரு முழம் தள்ளிப் போனால், கோர்ட் படி ஏறப் போவது நாம் இல்லை, அவர்கள்.

- ஒரு பழைய 'சமையல்காரன்', இறுதியாண்டு சிவில்