பொட்டலம் கட்டுமுன் ஒரு வார்த்தை



சென்ற மாதம் பழைய பேப்பர் வியாபாரி ஒருவர் பர்கூரில் உள்ள நமது மளிகை மண்டியில் ஒரு மூட்டையை இறக்கினார். 2019 ஜனவரி முதல் தேதி பிளாஸ்டிக் தடை வந்தபின் காகிதத்துக்கு மறுபடியும் கிராக்கி அல்லவா? அவிழ்த்துப் பார்த்தால் பாதிக்கு மேல் மாத நாவல்கள். ராணிமுத்து, மாலைமதி, பாக்கெட் நாவல்! கடைப் பையன் கிழிக்கக் கை வைத்தான். "நிறுத்தப்பா" என்றோம்.

நாம் பள்ளிப் படிப்போடு கல்லாவில் உட்கார்ந்தவர்கள். நமக்கு வாசிப்பைக் கற்றுத் தந்தவை பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கிய இந்த நாவல்கள்தான். ஆகவே சரக்கின் தரத்தைச் சொல்ல நமக்கும் உரிமை உண்டு.

சரித்திர நாவலில் கல்கிதான் முதல் தரம். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' இன்றும் விலை போகிறது. 1999-ல் கல்கியின் நூல்கள் நாட்டுடைமையானதால் யாரும் அச்சிடலாம் என்றாயிற்று. போட்டி வந்தது, மலிவுப் பதிப்பும் வந்தது. 2022-லும் 2023-லும் படமாக வந்தபோது இளைஞர்களும் தேடி வாங்கினார்கள். சாண்டில்யனின் 'கடல் புறா'வில் வர்ணனை சற்று மிகுதி. ஆனால் கடல் கடந்த வாணிபத்தை நம் கண்முன் நிறுத்தியவர் அவர்.

துப்பறியும் கதையில் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், இருவராய்ச் சேர்ந்து எழுதும் சுபா ஆகியோர் வேகத்துக்குப் பேர் போனவர்கள். ராஜேஷ்குமார் எழுதியவை ஆயிரத்தைத் தாண்டும். அவ்வளவு எழுதினால் தரம் ஏறி இறங்கத்தான் செய்யும். சில முடிவுகள் அவசரத்தில் கட்டிய மூட்டை போல அவிழ்ந்துவிடும். பெங்களூருவில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிக்கொண்டே எழுதிய சுஜாதா, குறைந்த சொல்லில் நிறைந்த விஷயம் தந்தார். கலப்படமில்லாத எடை! ரமணிசந்திரனின் குடும்பக் கதைகள் நம் வீட்டுப் பெண்களுக்குப் பிரியமானவை. நாயகனுக்கு அத்தனை பணம் எந்த வியாபாரத்தில் வந்தது என்பதுதான் நமக்குப் புரிவதில்லை.

ஒரு மனக்குறையும் உண்டு. இக்கதைகளில் வியாபாரி வந்தால் பெரும்பாலும் பதுக்கல்காரர், இல்லையேல் கடத்தல்காரர். விடியற்காலையில் கடை திறந்து, கடன் கொடுத்து, கேட்கக் கூச்சப்படும் நம்மைப் பற்றி எழுத எவருக்கும் தோன்றவில்லை.

இவையெல்லாம் குப்பை என்று படித்தவர்கள் சொல்வார்கள். கடைப் பையன் புத்தகம் தொட்டால் வியாபாரம் கெடும் என்று நம்மவர்களே சொல்வதுண்டு. முன்பு நம்மிடம் வேலை பார்த்த குமாஸ்தா வீட்டில் தெலுங்கு பேசுபவர். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். கொலை செய்தது யார் என்று தெரிந்துகொள்ளும் ஆவலில் நாவல் நாவலாகப் படித்து, இரண்டே வருடத்தில் பிழையில்லாமல் சிட்டை எழுதினார். கன்னடமும் தெலுங்கும் உருதும் கலந்து புழங்கும் நம் எல்லைப் பகுதியில் இது சிறிய லாபமா?

இன்று நிலைமை என்ன? பையன்கள் தமிழ் பேசுகிறார்கள், எழுதச் சொன்னால் விழிக்கிறார்கள். ஆர்டரைக் கூடச் செல்போனில் குரலாகப் பதிந்து அனுப்புகிறார்கள். கடந்த பொங்கல் சமயம் 'ஆறு மூட்டை' என்றது 'நூறு மூட்டை' என்று காதில் விழுந்து, லாரி வாடகை நம் தலையில் விடிந்தது. எழுதிய சீட்டு இருந்திருந்தால் இந்த நஷ்டம் இல்லை.

எனவே சக வணிகர்களுக்கு நமது வேண்டுகோள் இரண்டு. ஒன்று, எடைக்கு வரும் மூட்டையில் கதைப் புத்தகம் இருந்தால் கிழிக்காதீர்கள். அச்சு மை படிந்த தாளில் தின்பண்டம் கட்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்புத் துறையே சொல்லிவருகிறது. இரண்டு, அவற்றைச் சங்க அறைக்குக் கொடுத்தனுப்புங்கள். ஓர் அலமாரியை நாம் வாங்கித் தருகிறோம். மதியம் கூட்டமில்லாத நேரத்தில் பையன்கள் அரை மணி படிக்கட்டும்.

அன்று நிறுத்திய மூட்டையிலிருந்து நாற்பத்திரண்டு புத்தகங்கள் தேறின. கிழிக்கப் போன பையன் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறான். இன்னும் திருப்பித் தரவில்லை. நாமும் கேட்கவில்லை.