சபலோ குன்றின் ஆசிரியர்

1956இல், எத்தியோப்பியாவின் கிழக்கே ஹரார்கே பகுதியில், அறுபது வயதை எட்டிய ஒரு மார்க்க அறிஞர் தம் தாய்மொழியான ஒரோமோவுக்குப் புதிய எழுத்துமுறை ஒன்றைப் படைத்தார். இயற்பெயர் அபூபக்கர் உஸ்மான். பிறந்த மண்ணில் இருந்த குன்றின் பெயரைச் சேர்த்து மக்கள் அவரை ஷேக் பக்ரி சபலோ என்றார்கள். அரபியில் தேர்ந்த புலமை. வரலாறு, புவியியல், கணிதம், வானியல் என்று அவர் சொல்லிக்கொடுக்காத பாடம் குறைவு. அரபு எழுத்து கைவசம் இருந்தும், அதில் ஒரோமோவை எழுதிப் பார்த்தும், அவருக்குத் திருப்தி வரவில்லை.

காரணம் ஓசையில் இருக்கிறது. ஒரோமோவில் ஐந்து உயிர்கள். ஒவ்வொன்றுக்கும் குறில், நெடில் உண்டு. ‘லஃப’ என்றால் நிலம். ‘லாஃபா’ என்றால் மென்மையானது. அரபு எழுத்தில் எ, ஒ ஓசைகளுக்குத் தனிக்குறி கிடையாது. அம்ஹாரிக் மொழிக்கு வழங்கும் கீஸ் எழுத்தில் ஒவ்வொரு மெய்க்கும் ஏழே வடிவங்கள். குறில் நெடிலை அது பிரித்துக் காட்டாது, மெய் இரட்டிப்பதையும் காட்டாது. ஷேக் ஒவ்வொரு மெய்க்கும் பத்து உயிர்மெய் வடிவங்களை வரைந்தார். மேலைநாட்டு மொழியியல் கல்வி பெறாத ஒருவர், தம் காதை மட்டும் நம்பிச் செய்த வேலை இது. அவர் மறைந்த மறு ஆண்டில், 1981இல், ஆய்வாளர்கள் ஹேவார்டும் முகமது ஹசனும் லண்டன் பல்கலைக்கழக ஆய்விதழ் ஒன்றில் இந்த எழுத்துமுறையை விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள்.

எழுத்து ஊருக்குள் பரவியது. சாதாரண மக்கள் அதில் கடிதம் எழுதிக்கொள்ளத் தொடங்கினார்கள். அரசு அஞ்சியது இதற்குத்தான். பேரரசர் ஹைலே செலாசியின் ஆட்சி 1944 ஆணையின் மூலம் மிஷன் பள்ளிகளில்கூட அம்ஹாரிக்கையே பயிற்றுமொழியாக்கியிருந்தது. நாட்டின் ஆகப்பெரிய இனம் பேசும் மொழிக்குப் பள்ளியிலும் நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் இடமில்லை. அந்த நிலையில், கிராமத்துப் பள்ளியில் ஒருவர் எழுத்து கற்றுக்கொடுப்பதே கலகமாகத் தெரிந்தது. எழுத்து தடைசெய்யப்பட்டது. ஷேக் டிரே தாவா நகரில் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். அங்கும் எழுதுவதை அவர் விடவில்லை. ஒரோமோ மக்கள் பட்ட துன்பத்தைத் தம் எழுத்திலேயே எழுதி வைத்தார்.

1974இல் பேரரசர் வீழ்ந்தார். பின்வந்த இராணுவ ஆட்சியின் ‘சிவப்புப் பயங்கரம்’ என்ற அடக்குமுறை பேரரசர் காலத்தைவிடக் கொடியது. 1978இல், எண்பதைத் தாண்டிய வயதில், ஷேக் எல்லை கடந்து சோமாலியாவுக்குப் போனார். 1980 ஏப்ரலில் அங்கே அகதி முகாமில் இறந்தார். அவர் எழுதியவற்றில் பெரும்பகுதி அப்போதும் கையெழுத்துப் படிகளாகவே இருந்தது. ஒரு மொழியின் ஓசை நுட்பத்தை இவ்வளவு துல்லியமாகப் பிடித்த மனிதருக்கு, தம் எழுத்தை அச்சில் பார்க்கும் பேறு வாய்க்கவில்லை என்பதை எப்படிச் சமாதானம் செய்துகொள்வது?

ஆனால் இந்த வரிசையில் அவர் முதலாமவர் அல்லர். ஷேக் தம் எழுத்தைப் படைப்பதற்கு அறுபது ஆண்டுகள் முன்பே, செங்கடல் ஓரம் மசாவாவுக்கு அருகில் உள்ள இம்குல்லுவில், இன்னொரு நாடிழந்த கூட்டம் ஒரோமோவை எழுத்தில் ஏற்றும் வேலையைச் செய்தது. சிறுவயதில் பிடித்து விற்கப்பட்டு, பல கைகள் மாறி, 1870இல் விடுதலையான ஓனேசிமோஸ் நெசிப். அவரைப் போலவே அடிமைத்தளையிலிருந்து மீட்கப்பட்ட ஆஸ்தெர் கன்னோ. சொந்த ஊருக்குப் போக வழியில்லாமல் அயலில் தங்கியிருந்த அந்த ஆண்டுகளில், 1894இல், ஒரோமோ வாசிப்பு நூல் ஒன்றை அச்சிட்டார்கள். ஆஸ்தெர் நினைவிலிருந்து திரட்டிய கதைகளும் விடுகதைகளும் பழமொழிகளும் பாடல்களும் அதில் இடம்பெற்றன. 1899இல் சுவிட்சர்லாந்தில் அச்சான ஒரோமோ விவிலியத்துக்குச் சொற்களைத் தொகுத்துக் கொடுத்தவரும் அவரே. முகப்பில் மட்டும் ஓனேசிமோஸ் பெயரே வந்தது. ஆஸ்தெருக்குப் பட்ட இந்தக் கடன் இன்னும் தீரவில்லை. 1904இல் இருவரும் தாயகம் திரும்பி, மேற்கே உள்ள நெகெம்தேயில் பள்ளி நடத்தினார்கள். ஓனேசிமோஸுக்கு எதிரான உள்ளூர்ப் பாதிரிமாரின் புகார் மெனெலிக் மன்னர் வரை போனது. அவர் பிரசங்கம் செய்வது தடுக்கப்பட்டது.

ஒருவர் முஸ்லிம் ஷேக், மற்றவர்கள் சுவீடன் மிஷனைச் சேர்ந்தவர்கள். கிழக்கும் மேற்குமாக, ஒருவரையொருவர் சந்திக்காமலே ஒரே பாடத்தை நடத்தினார்கள். ஒரோமோ மக்களை மதமும் வட்டாரமும் பிரித்துவிட்டதாகச் சொல்பவர்கள் இவர்களின் வாழ்க்கையைப் படிக்க வேண்டும்.

இராணுவ ஆட்சியும் வீழ்ந்த பிறகு, 1991 நவம்பர் 3ஆம் நாள் அடிஸ் அபாபா நாடாளுமன்ற மண்டபத்தில் கூடிய ஒரோமோ அறிஞர்கள், லத்தீன் எழுத்தையே தம் மொழிக்கு ஏற்றார்கள். ‘குபே’ என்ற அந்த முறையில் ஒற்றை உயிரெழுத்து குறில், இரட்டித்தால் நெடில். மெய் அழுத்தி ஒலித்தால் அதுவும் இரட்டிக்கும். ஷேக்கின் வடிவங்கள் அதில் இல்லை. அவர் பிடிவாதமாகக் காக்க நினைத்த குறில் நெடில் வேறுபாட்டை இன்று ஒரோமியா மாநிலத்தின் முதல் வகுப்புக் குழந்தை முதல் பாடத்திலேயே கற்கிறது. அச்சு, தட்டச்சு வசதியை எண்ணினால் லத்தீன் எழுத்தைத் தேர்ந்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அதனால் ஷேக்கின் உழைப்பு வீண் என்று ஆகிவிடாது.

ஒரோமோ மொழிக் கல்வியின் வரலாற்றை 1991இல் தொடங்கி எழுதுகிற வழக்கம் பரவலாக இருக்கிறது. அரசாணைகளை மட்டும் பார்த்து எழுதினால் அப்படித்தான் ஆகும். உண்மையில் அந்த வரலாறு 1894இல், நாடிழந்தவர்களின் அச்சுக்கூடத்தில் தொடங்கியது. ஆஸ்தெர் கன்னோவின் பெயரும் சபலோ ஷேக்கின் எழுத்து வடிவங்களும் ஒரோமோ பாடநூல்களின் முதல் பக்கங்களில் இடம்பெற வேண்டும். ஷேக்கின் கையெழுத்துப் படிகள் முழுமையாக அச்சேற வேண்டும்.