இரவல் குதிரை

நம் கதைகளில் இப்போது குதிரைகள் பெருத்துவிட்டன. தேர்தலைப் பற்றி எழுதினால் ஒரு 'கறுப்புக் குதிரை' வந்து நிற்கிறது. நம்பகமான செய்தி என்றால் அது 'குதிரையின் வாயிலிருந்தே' வருகிறது. கர்வம் பிடித்த மிராசுதார் தம் 'உயரமான குதிரை'யை விட்டு இறங்க மறுக்கிறார். கதை நடக்கும் இடமோ சுருளிப்பட்டி! அங்கே திராட்சைப் பந்தல் உண்டு, முல்லைப் பெரியாற்றுப் பாசனம் உண்டு, அருவிக்குப் போகிற கூட்டம் உண்டு. உயரமான குதிரைமேல் உட்கார்ந்து வழக்குப் பேசும் மிராசுதாரை மட்டும் நான் கண்டதில்லை.

ஆங்கிலேயனைக் குறை சொல்லவில்லை. தன் லாயத்தில் நின்ற பிராணியை வைத்து அவன் பேசினான். உயர்ந்த போர்க் குதிரை பிரபுக்களின் வாகனமாக இருந்தபடியால், அதன்மேல் இருப்பவன் கர்வி ஆனான். பந்தயத்தில் வெகுதூரம் முந்திவிட்ட சவாரிக்காரன் கையைத் தளர்த்திக் கடிவாளத்தை விட்டுவிடுவான். அதனால் சுலபமான வெற்றிக்கு 'கையைத் தாழ்த்தி ஜெயித்தான்' என்று பெயர். லாயக்காரன் சொல்வதைக் காட்டிலும் நம்பகமான துப்பு குதிரையே சொல்வதுதான் என்ற பந்தயத் திடல் வேடிக்கையிலிருந்து பிறந்தது அந்தக் குதிரை வாய்ச் செய்தி.

'கறுப்புக் குதிரை' கதை இன்னும் ருசிகரமானது. 1831-ல் டிஸ்ரேலி எழுதிய ஒரு நாவலில், யாரும் கண்டுகொள்ளாத குதிரை பந்தயத்தில் முந்துகிறது. அங்கே இருட்டு என்பது அறியப்படாமையைக் குறிக்கிறது, நிறத்தை அல்ல. 1844-ல் அமெரிக்காவில் எதிர்பாராமல் ஜனாதிபதி வேட்பாளரான போல்க்குக்கும் இந்தப் பட்டம் கிடைத்தது. நம்மவர்களோ அர்த்தத்தை அங்கேயே விட்டுவிட்டுக் குதிரைக்குக் கறுப்புச் சாயம் பூசிக் கொண்டுவந்தார்கள்!

"மொழி இரவல் வாங்கித்தானே வளரும்? லகானும் சவாரியும் பாரசீகச் சொற்கள் அல்லவா?" என்று கேட்பார்கள். வாஸ்தவம். ஆனால் அவை குதிரையோடும் குதிரைக்காரனோடும் வந்தவை. ஜனங்கள் நாவால் பழகி ஏற்றுக்கொண்டவை. மாட்டு வண்டியில் போவதற்கும் 'சவாரி' என்றே சொல்லும் அளவுக்கு அது நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. அகராதியைப் புரட்டி ஒட்டவைத்த வாசகத்துக்கு அந்த உரிமை எங்கிருந்து வரும்?

குதிரை நமக்கும் அந்நியமல்ல. பாண்டிய நாட்டுக்குக் கடல் கடந்து குதிரைகள் வந்ததை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். 'கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்' என்ற பழமொழி குதிரையோடு மல்லுக்கு நின்றவன் சொன்னதுதான். ஆனாலும் நம் குடியானவனின் கொட்டிலில் நின்றது மாடு. இனாமாக வந்த குதிரையின் பல்லைப் பார்க்காதே என்பது நாலாம் நூற்றாண்டில் ஜெரோம் காலத்திலேயே லத்தீனில் பழமொழி. நம்மிடமும் அதே நியாயம் இருக்கிறது: தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே. மாட்டின் வயதை 'இரண்டு பல்', 'நாலு பல்', 'கடை சேர்ந்தது' என்று கணக்கிடுகிறவனுக்கு இதை விளக்க வேண்டுமா? அடங்காதவனுக்கு மூக்கணாங்கயிறு, அசையாதவனுக்குச் சண்டித்தனம், தயங்குகிறவனுக்குத் தார்க்குச்சி என்று அவனிடம் கைவசம் எத்தனை!

இது வெறும் சொல் வழக்கு அல்ல. ஆங்கிலம் தெரிந்த வாசகர் அந்தக் குதிரையை அடையாளம் கண்டு புன்னகை செய்வார். ஆங்கிலம் தெரியாதவரோ, தமிழ்ப் புத்தகத்தைத் தமிழிலேயே படித்துவிட்டு, புரியாதது தம் குறை என்று நினைத்து மூடிவைப்பார். யாருடைய வாழ்க்கையை எழுதுகிறோமோ, அவரையே வாசலில் நிறுத்திவிட்டு எழுதுவது என்ன எழுத்து?

சுருளிப்பட்டிக்காரர் வாயில் ஒரு வசனத்தை வைக்குமுன், அவர் வாய்க்கு அது பொருந்துமா என்று எழுத்தாளர் ஒரு முறை பார்க்கட்டும். குதிரையின் வாய்க்கு அப்புறம் போகலாம்.