தோலில் ஏறிக் கடந்த ஆறு

ஒகேனக்கலில் நீர்வரத்து கூடினால் பரிசல் ஓட்டத் தடை விதிப்பார்கள். சரிதான், உயிர் முக்கியம். ஆனால் மறுநாள் பேப்பரில் வரும் செய்தி ஒவ்வொரு முறையும் ஒரே வரியில் முடிகிறது: சுற்றுலாப் பயணிகள் ஏமாற்றம். இந்த வாரமும் அப்படித்தான். படித்ததும் கோபம் வந்தது. துடுப்பு போடுகிறவர் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரிந்ததா என்று ஒரு வார்த்தை கிடையாது. பரிசல் என்றால் அருவியைச் சுற்றிக்காட்டும் வண்டி என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஆனால் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பில், பண்ணவாடிப் பரிசல் துறையிலிருந்து எதிரே நாகமரைக்குப் போகிறவர்கள் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டுதான் தண்ணீரைக் கடக்கிறார்கள்.

பாலாறு மணலாகவே கிடக்கும் வேலூரில், பாகாயத்துக்காரனான எனக்குப் பரிசலோடு என்ன சம்பந்தம்? தோல்தான் சம்பந்தம். மூங்கில் பிளாச்சுகளைக் கூடையாகப் பின்னி, மேலே மாட்டுத்தோலை இழுத்துக் கட்டியதுதான் பழைய பரிசல். பிளாஸ்டிக் தாளும் தாரும் பிறகு வந்தவை. 1520 வாக்கில் விஜயநகரம் வந்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ், பிரம்பால் பின்னித் தோல் போர்த்திய வட்டப் படகுகளைப் பார்த்து எழுதிவைத்தார். ஒன்றில் 15, 20 பேர் ஏறுவார்களாம், குதிரையும் எருதும்கூட.

கம்பனை இங்கே அழைக்காமல் இருக்க என்னால் முடியாது. குகனை அறிமுகப்படுத்தும்போது ஆயிரம் ஓடங்களுக்குத் தலைவன் என்கிறான் கம்பன். காலில் தோல் செருப்பு போட்டவன் என்றும் சொல்கிறான். தோலும் துடுப்பும் ஒரே ஆளிடம்! நாடிழந்த ராமனைக் கங்கையின் அக்கரை சேர்த்தவன் அவன். பின்னால் பரதன் சேனையோடு வந்தபோது சண்டைக்கு நின்றவனும் அவன்தான். பரதன் மனம் தெரிந்ததும் அத்தனை பேரையும் தன் ஓடங்களிலேயே கடத்திவிட்டான். எத்தனை முறை படித்தாலும் அந்தத் துறையைவிட்டு எனக்கு நகர மனம் வருவதில்லை. ஏறிவிட்டால் இறங்கும்வரை அந்த உயிர் ஓடக்காரன் பொறுப்பு. அவன் சாதி கேட்டு ஏற்றியதில்லை. நாம்தான் கேட்டோம். தோலைத் தொட்டவர்களை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவர்கள் பதனிட்ட தோலில் ஏறி ஆற்றைக் கடந்தோம்.

கவலை ஏற்றத்தில் நம் கிணற்றுநீரை இறைத்ததும் அவர்கள் தைத்த தோல்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோமால் தோல் பதனிடும் முறையைச் சோதித்தபோது, தண்ணீரில் ஊறினாலும் இற்றுப்போகாத இறைவைத் தோல் கிடைக்குமா என்பதும் அவர் கவலையாக இருந்தது. அந்தக் குரோம் பாலாற்றை என்ன செய்தது என்று, தோல் ஆலைக் கழிவு பற்றிய 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தொடங்கி நிறைய எழுதியாயிற்று. தோல் கெடுத்த தண்ணீர் நமக்கு நன்றாக நினைவிருக்கிறது. தோல் கடக்கவைத்த தண்ணீரை மறந்துவிட்டோம்.

அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் ஆம்பூர், வாணியம்பாடித் தொழிலதிபர்களும் சேர்ந்து, பழைய முறையில் ஒரே ஒரு தோல் பரிசல் செய்ய வேண்டும். தோலைப் பதனிட ஆவாரம்பட்டை இங்கே உண்டு. பின்னும் கைகளைக் காவிரிக்கரையிலிருந்து கூப்பிடலாம். செய்ததும் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டாம். வேலூர்க் கோட்டை அகழியில் இறக்குங்கள். ஷூ கம்பெனிகளில் தோல் வெட்டித் தைக்கும் நம் பெண்களை முதலில் ஏற்றுங்கள்.