ஐந்து முறை நகர்ந்த தேதி

2020 மே 10 அன்று நடந்திருக்க வேண்டிய தேர்வு. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர நாடு முழுவதும் ஒரே நாளில் எழுதப்படும் ‘கிளாட்’. கொரோனா ஊரடங்கில் அது மே 24க்குப் போனது. பிறகு ஜூன் 21. பிறகு ஆகஸ்ட் 22. பிறகு செப்டம்பர் 7. அன்றைக்கு மேற்கு வங்கத்தில் முழு ஊரடங்கு என்றதும் செப்டம்பர் 28. ஐந்து முறை தேதி மாறிய பிறகுதான் மாணவர்கள் தேர்வு மையத்துக்குள் நுழைய முடிந்தது.

முதல் முறை தள்ளிவைத்ததை யாரும் குறை சொல்ல முடியாது. ரயில் இல்லை, பேருந்து இல்லை. மையமோ பலருக்குப் பக்கத்து மாவட்டத்தில். பதினேழு வயதுப் பிள்ளையை அந்த நேரத்தில் அங்கே வரவழைப்பது கொடுமை. ஆனால் அடுத்தடுத்து சொல்லப்பட்ட தேதிகள்தான் பிள்ளைகளை வாட்டின. நோய் எப்போது தணியும் என்று எவருக்கும் தெரியாத காலத்தில், இரண்டு வாரம், நான்கு வாரம் என்று நாள் குறித்தார்கள். ஒவ்வொரு முறையும் அதை நம்பிப் படித்து உச்சத்துக்கு வந்த பிள்ளைகள், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

கிளாட் விஷயத்தில் இந்தத் தாமதத்துக்குத் தனிச் சுமை உண்டு. இயற்பியல் பாடம் மே மாதத்திலும் செப்டம்பரிலும் ஒன்றுதான். கிளாட்டில் அப்படியல்ல. அந்த ஆண்டு புதிய முறையில் 150 கேள்விகள், இரண்டு மணி நேரம். அதில் ஏறக்குறைய கால் பங்கு பொது அறிவும் நடப்பு நிகழ்வுகளும். தேர்வு ஒரு மாதம் தள்ளிப்போனால் படிக்க வேண்டிய செய்திகள் இன்னொரு மாதத்துக்குச் சேரும். மே மாதம் மூடி வைத்திருக்க வேண்டிய குறிப்பு நோட்டில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று பக்கங்கள் ஏறிக்கொண்டே போயின.

பணக் கணக்கும் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்தான் அளவுகோல். திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கோ கிளாட் வேண்டும். இரண்டுக்கும் முயலும் மாணவர், கிடைத்த இடத்தில் கட்டணம் கட்டிவிட்டு கிளாட்டுக்குக் காத்திருப்பதா, இடத்தை விட்டுவிடுவதா என்று முடிவு செய்தாக வேண்டும். வசதியுள்ள வீடு இரண்டு பக்கமும் காசு கட்டும். மற்றவர்கள் ஒன்றைக் கைவிடுவார்கள்.

இப்படி நாள் நகர்ந்துகொண்டே போனதில் பொறுமை இழந்தது பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி. அங்கே ஆண்டுக்கு மூன்று பருவங்கள். இனியும் தாமதித்தால் ஓராண்டே வீணாகிவிடும் என்று சொல்லி, செப்டம்பர் 3 அன்று தனித் தேர்வு அறிவித்தது. ‘என்லாட்’ என்ற அந்தத் தேர்வு செப்டம்பர் 12 அன்று, இணைய வழியில், வீட்டிலிருந்தே எழுதலாம் என்ற ஏற்பாட்டில் நடந்தது. 40 கேள்விகள், 45 நிமிடம். மாணவர்களுக்குக் கிடைத்த அவகாசம் ஒன்பது நாள். மாதக்கணக்கில் ஒரு தேர்வுக்குத் தயாரான பிள்ளைகள், வேறு வடிவிலான இன்னொன்றுக்கு அதற்குள் மாற வேண்டும். கணினியும் தடையில்லாத இணையமும் இல்லாத வீடுகளில் என்ன செய்வார்கள்?

அந்தப் பள்ளியின் முன்னாள் துணைவேந்தரும் ஒரு மாணவரின் பெற்றோரும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். செப்டம்பர் 21 அன்று நீதிபதி அசோக் பூஷண் தலைமையிலான அமர்வு என்லாட் அறிவிப்பை ரத்து செய்தது. பெங்களூரும் கிளாட் வழியாகவே மாணவர்களைச் சேர்க்க வேண்டும், கிளாட் செப்டம்பர் 28 அன்று நடந்தாக வேண்டும் என்றது. தேர்வு நாள் காலையிலும் ஒரு வழக்கு. கொரோனா தொற்றிய மாணவர் ஒருவர் கேட்க, தனி அறையில் எழுத நீதிமன்றம் அனுமதித்தது.

மறு ஆண்டு நிலைமை ஓரளவு மாறியது. 2021 ஜூன் 13 அன்று நடக்கவிருந்த தேர்வை இரண்டாம் அலை தடுத்தபோது, கிளாட்டை நடத்தும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பு அவசரப்பட்டு மாற்றுத் தேதி சொல்லவில்லை. அலை தணியத் தொடங்கிய பிறகு ஜூலை 23 என்று அறிவித்தது, அன்றே நடத்தியது. தேதி தெரியாமல் காத்திருப்பதும் வேதனைதான். ஆனாலும் பொய்த்துப்போகும் தேதிகளை நம்பி ஏமாறுவதைவிட அது மேல்.

கொரோனா போய்விட்டது, தேதிப் பிரச்சினை தமிழ்நாட்டை விட்டுப் போகவில்லை. 2022 முதல் கிளாட் டிசம்பரில் நடக்கிறது. பொதுத்தேர்வுக்கு முன்பே முடிந்துவிடுவது பல மாநிலங்களுக்கு வசதி. நமக்கோ அது வடகிழக்குப் பருவமழைக் காலம். 2023இல் தேர்வு நடந்த நாள் டிசம்பர் 3; அன்றிரவும் மறுநாளும் மிக்ஜாம் புயல் சென்னையை வெள்ளத்தில் ஆழ்த்தியது. 2024இல் டிசம்பர் 1. முந்தின இரவுதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்திருந்தது. விழுப்புரத்துப் பிள்ளைக்கும் டெல்லிப் பிள்ளைக்கும் அன்றைக்கு ஒரே வினாத்தாள், ஒரே தரவரிசை.

ஒரு மாவட்டத்து மழைக்காக நாடு முழுவதும் தேர்வை நிறுத்த வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளத்தில் சிக்கிய மையங்களுக்கு மட்டும் ஒரு மாற்று நாள், அதற்கென ஒரு தனி வினாத்தாள், இரண்டு தாள்களின் மதிப்பெண்ணையும் ஒப்பிட்டுச் சமன் செய்யும் முறை: இவை போதும். பல நாட்களில் பல வேளைகளாக நடக்கும் ஜேஇஇ மெயின் தேர்வில் மதிப்பெண்ணைச் சமன் செய்வது வழக்கத்திலேயே இருக்கிறது. கிளாட் அறிவிக்கையிலும் இதற்கு ஒரு பத்தி இடம்பெற வேண்டும்: எத்தகைய எச்சரிக்கை வந்தால் மையம் ஒத்திவைக்கப்படும், எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்லப்படும், மாற்று நாள் எது? விண்ணப்பக் கட்டணமாக ஆயிரக்கணக்கில் வாங்கும் கூட்டமைப்பு, பணம் கட்டும் முன்பே மாணவர்களுக்கு இதைச் சொல்லிவிடலாம்.