சேது எஃப்.சி. தெரியுமா உங்களுக்கு?

2019 மே 12 ராத்திரி எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் உங்களில் பாதிப் பேர் டக்கென்று சொல்லிவிடுவீர்கள். ஐதராபாத்தில் ஐ.பி.எல். இறுதி ஆட்டம். வாட்சன் முழங்காலில் ரத்தத்தோடு ஆடி, கடைசியில் சென்னை ஒரே ஒரு ரன்னில் மும்பையிடம் தோற்றது. இங்கே லம்பா லைனில் நாலு தமிழர் சேர்ந்தால் இன்றைக்கும் அந்தக் கடைசிப் பந்தைத்தான் அலசுகிறோம்.

சரி, அதிலிருந்து பத்தாவது நாள், மே 22 அன்று என்ன நடந்தது?

தெரியாதுதானே. லூதியானா குருநானக் ஸ்டேடியத்தில் மதுரை அணியான சேது எஃப்.சி., மணிப்பூர் போலீஸை 3-1 என்று அடித்து இந்தியப் பெண்கள் கால்பந்து லீக் கோப்பையைத் தூக்கியது. மணிப்பூர் என்றால் இந்தியப் பெண்கள் கால்பந்தின் தாய்வீடு. அந்த ஊர் அணியைத் தோற்கடித்து நம் ஊர் அணி தேசிய சாம்பியன்! மறுநாள் மே 23, நாடாளுமன்றத் தேர்தல் முடிவு. பேப்பரில் இதற்கு எங்கே இடம்? பேப்பரை மட்டும் குறை சொல்லவும் மாட்டேன். அடுத்த நாளும் அடுத்த வாரமும் நாம் யாரும் தேடவில்லையே.

'பொம்பளைங்க ஃபுட்பாலை யார் சார் பார்ப்பாங்க, அதுல விறுவிறுப்பே இல்லை' என்று இங்கே ஒரு அண்ணாச்சி சொன்னார். சுற்றி இருந்தவர்களும் தலையாட்டினார்கள். அவர் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். இந்தப் பதிவு அவருக்காகத்தான் (அண்ணாச்சி, கோபித்துக்கொள்ள வேண்டாம்).

விறுவிறுப்பு வேண்டுமா? இந்தாங்க. 2021-22 சீசன், புவனேஸ்வர். 12 அணிகள், ஆளுக்கு 11 ஆட்டம். சேதுவும் கோகுலம் கேரளாவும் முதல் பத்து ஆட்டத்தில் பத்தையும் ஜெயித்துவிட்டு, மே 26ஆம் தேதி கடைசி ஆட்டத்தில் நேருக்கு நேர் மோதின. சேது முதல் கோல் அடித்தது. அப்புறம் கோகுலம் மூன்று அடித்து 3-1 என்று கோப்பையைக் கொண்டுபோனது. சினிமாவில் வைத்தால் 'ஓவர்' என்போம். அதே வருடம் ஐ.பி.எல்.லில் சென்னை ஒன்பதாவது இடம். ஒன்பதாவது இடத்துக்கு நாம் செய்த ஒப்பாரியில் நூற்றில் ஒரு பங்காவது இந்தப் பெண்களுக்காகச் செய்தோமா?

தமிழ்நாடு - கேரளா என்றால் முல்லைப் பெரியாறு முதல் புரோட்டா வரைக்கும் சண்டை போடத் தயாராக இருக்கிறோம். சண்டை போட வேண்டிய உருப்படியான ஒரு இடம் கிடைத்தபோது மட்டும் ஆளைக் காணோம். இதில் எனக்குத் தொழில் ரீதியாக ஒரு குறும்புச் சந்தோஷமும் உண்டு. கோகுலத்துக்குக் காசு வருவது ஸ்ரீ கோகுலம் சிட்ஸ் என்ற சீட்டுக் கம்பெனியிலிருந்து. அதன் தலைமை அலுவலகம் எங்கே தெரியுமா? நம்ம சென்னையில்! சென்னையில் பிடிக்கிற சீட்டுக் காசில் மலையாளி அணி ஜெயிக்கிறது, நாமோ மகேந்திர சிங் தோனியின் முழங்காலைப் பற்றிக் கவலைப்படுகிறோம்.

ஆட்டக்காரிகளும் அந்தப் பக்கம் போனார்கள். நேபாளத்துச் சபித்ரா பண்டாரி 2018-19இல் சேதுவில் ஆடிவிட்டு அடுத்த சீசன் கோகுலத்துக்குப் போய்விட்டார். கடலூர் மாவட்டத்துச் சந்தியா ரங்கநாதன் 2022-23இல் கோகுலம் ஜெர்சியில் ஆடினார். அதைத் தப்பென்று சொல்லமாட்டேன். சம்பளம் எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கே போவதுதான் நியாயம். நாம் எல்லோரும் கடல் தாண்டி இந்தத் தீவுக்கு வந்தது காற்று வாங்கவா?

ஜெர்மனியில் இதே கதை ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. அங்கே 1955இல் கால்பந்துச் சங்கமே பெண்கள் ஆடக்கூடாது என்று தடை போட்டு, 1970இல்தான் எடுத்தது. அதற்கு அடுத்த வருடம் கிழக்கு ஜெர்மனியில் டுர்பினே போட்ஸ்டாம் அணி தொடங்கியது. பெர்ண்ட் ஷ்ரோடர் என்ற ஒரே பயிற்சியாளர் நடுவில் சில வருடம் தவிர 2016 வரை அதைக் கட்டி மேய்த்தார். மேற்கே 1.எஃப்.எஃப்.சி. ஃபிராங்க்ஃபர்ட். 2001 முதல் 2012 வரை பன்னிரண்டு வருட ஜெர்மன் சாம்பியன் பட்டமும் இந்த இரண்டு அணிக்குள்தான். வேறு ஒருத்தர் கைக்கும் போகவில்லை. 2006இல் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்திலும் இவர்கள் இருவருமே மோத, ஃபிராங்க்ஃபர்ட் ஜெயித்தது. 2011இல் போட்ஸ்டாமின் நட்சத்திரம் ஃபத்மிரே பய்ராமாய் நேராக ஃபிராங்க்ஃபர்ட்டுக்கே போனார். சந்தியா கதைதான்!

ஆனால் ஒரு வித்தியாசம். அவர்களுக்குச் சொந்த ஊர், சொந்த மைதானம், வருடா வருடம் நடக்கிற லீக், திட்டவும் கைதட்டவும் ஊர் ஜனம் எல்லாம் இருந்தது. 2008இல் ஃபிராங்க்ஃபர்ட் தன் ஊரில் ஸ்வீடனின் உமேயோ அணியோடு ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம் ஆடியபோது மைதானத்தில் 27,640 பேர். மைதானத்தின் பெயர் அப்போது கொமெர்ஸ்பேங்க் அரீனா. வங்கிப் பெயர்! (வங்கிக்காரனுக்குக் கண் அங்கேதான் போகும்.)

இங்கே நம் சம்மேளனம் என்ன செய்தது? 2017இல் லீக்கைத் தொடங்கி, இறுதிக் கட்டத்தை ஒவ்வொரு முறையும் ஒரே ஊரில் கூடாரம் போட்டு நடத்தியது. டெல்லி, ஷில்லாங், லூதியானா, பெங்களூர், புவனேஸ்வர், அகமதாபாத். கல்யாண மண்டபம் பிடிக்கிற மாதிரி சில வாரத்துக்கு மைதானம் பிடித்து, ஆடி முடித்து, மூட்டை கட்டு. 2020-21 சீசன் கொரோனாவில் நடக்கவே இல்லை. உன் ஊரில் ஒரு ஆட்டம், என் ஊரில் ஒரு ஆட்டம் என்ற முறை 2023-24இல்தான் வந்தது. அதாவது சேது சாம்பியன் ஆன வருடமும், கோகுலத்தோடு உயிரைக் கொடுத்து மோதிய வருடமும் மதுரைக்காரன் தன் ஊரில் உட்கார்ந்து பார்க்க வழியே இல்லை. யாரும் பார்ப்பதில்லை என்று சொல்கிறவர்கள் இதற்கு முதலில் பதில் சொல்லட்டும். கடையைத் திறக்காமலே வியாபாரம் இல்லை என்று லோன் ஃபைலில் எழுதினால் நாங்கள் ஒத்துக்கொள்வோமா?

ஜெயித்த கோகுலத்துக்காவது மரியாதை கிடைத்ததா? 2022 ஆகஸ்டில் ஆசியக் கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் போய் இறங்கினார்கள். அதே நேரம், நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்று ஃபிஃபா நம் சம்மேளனத்தை இடைநீக்கம் செய்தது. பெரிய மனிதர்களின் நாற்காலிச் சண்டைக்கு அந்தப் பெண்கள் ஒரு ஆட்டமும் ஆடாமல் திரும்பினார்கள். தடை 26ஆம் தேதி நீங்கியது. போட்டி போனது போனதுதான். மலையாளிக்குத்தானே என்று சிரிக்க வேண்டாம், சேது ஜெயித்திருந்தால் அந்த விமானத்தில் நம் பெண்கள் இருந்திருப்பார்கள்.

அடுத்தது எங்கள் ஆட்கள். வங்கிகளையும் விடப்போவதில்லை. இந்தியன் வங்கியும் ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூரும் ஒரு காலத்தில் தேசிய லீக்கில் ஆடிய அணிகள். பந்து உதைத்த எத்தனையோ பையன்கள் அப்படித்தான் கவுண்டருக்குள் வந்து, பென்ஷனோடு வெளியே போனார்கள். பெண்களுக்கு அந்தக் கதவு எங்கே? கடலூர் இந்துமதி கதிரேசனுக்குக் கை கொடுத்தது தமிழ்நாடு போலீஸ். சப்-இன்ஸ்பெக்டர் ஆனதால் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது, ஆட்டமும் நின்றுபோகவில்லை. இன்னும் பத்து நிறுவனம் அப்படிச் செய்தால் பத்து இந்துமதி.

கடலூர் என்றதும் இன்னொன்று. 2004 சுனாமி நமக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை. அதே அலை கடலூரையும் அடித்தது. அதற்குப் பிறகு அங்கே மாரியப்பன் என்ற பயிற்சியாளர், பெற்றோரை இழந்த பிள்ளைகளையும் ஏழை வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துப் பந்து சொல்லிக்கொடுத்தார். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று தோற்கடித்துத் தமிழ்நாடு முதல் முறையாகத் தேசியப் பட்டம் வாங்கியது. அதற்குப் பின்னால் கடலூருக்குப் பெரிய பங்கு உண்டு. 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவைத் தோற்கடித்து மறுபடியும் பட்டம். அதையும் எத்தனை பேர் பார்த்தோம்?

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். இங்கே நம் பெண் பிள்ளைகள் ஏழாவது வரைக்கும் பையன்களோடு சேர்ந்து பந்து உதைக்கிறார்கள். எட்டாவதில் ஒரு நாள் வீட்டில் சடங்கு, சீர், போட்டோ. அதோடு ஷூ பரணுக்குப் போய்விடுகிறது. 'கறுத்துடுவா', 'கால்ல அடிபட்டா நாளைக்கு யார் கட்டுவா', 'ட்யூஷன் இருக்கு'. கருப்பு என்பதற்குப் பயந்தால் நாம் இந்தத் தீவில் குடியிருக்கவே கூடாது. இதே தீவுக்கூட்டத்திலிருந்து டெபோரா ஹெரால்ட் என்ற நிக்கோபார் பெண், அதே சுனாமியில் பிழைத்து, சைக்கிள் பந்தயத்தில் நாட்டுக்காக ஓடினார். அவர் வீட்டிலும் ட்யூஷன் என்று உட்கார வைத்திருந்தால்?

இதை ஏன் இப்போதே சொல்கிறேன் என்றால், நேரம் குறைவு. ஜெர்மனியில் பெரிய ஆண்கள் கிளப்புகள் காசோடு உள்ளே வந்தன. 2013 முதல் 2025 வரை பட்டம் முழுக்க வொல்ஃப்ஸ்பர்க், பயர்ன் இரண்டுக்கும்தான். ஃபிராங்க்ஃபர்ட் அணி 2020இல் ஐன்ட்ராக்ட்டோடு இணைந்து பெயரை இழந்தது. போட்ஸ்டாம் 2023இல் முதல் டிவிஷனிலிருந்தே இறங்கியது. இங்கேயும் காற்று அப்படித்தான் அடிக்கிறது. 2024இல் ஒடிசா எஃப்.சி., 2025இல் ஈஸ்ட் பெங்கால் என்று ஐ.எஸ்.எல். கிளப்புகள் கோப்பையை எடுத்தன. 2015லும் 2018லும் ஐ.எஸ்.எல். ஜெயித்த சென்னையின் எஃப்.சி., 2025 வரை இந்த லீக்கில் ஒரு பெண்கள் அணியைக்கூட இறக்கவில்லை. தமிழ்நாட்டின் பெயரைச் சுமந்தது சேதுதான். போட்ஸ்டாமுக்காவது அழுவதற்கு ஒரு ஊர் இருந்தது.

அதனால் அண்ணாச்சி, ஐ.பி.எல்.லுக்குப் புரொஜக்டரும் பிரியாணியும் ஏற்பாடு செய்கிற அதே ஹாலில், அடுத்த சீசன் சேது - கோகுலம் ஆட்டத்தை ஒரு தரம் போடுங்கள். பிரியாணிச் செலவு என்னுடையது. ஒரு நிபந்தனை: முதல் வரிசை நாற்காலி எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பெண் பிள்ளைகளுக்கு. ஆண்கள் பின்னால் நின்று பார்க்கலாம்.