ஊமைப் படமும் பேசும் படமும்

ஒருவர் முதலிற் செய்த படம் புகழ் பெற்றுவிட்டால், அடுத்துச் செய்வதை உலகம் அதன் அருகில் நிறுத்தியே அளக்கும். முறையோ அன்றோ, இதிலிருந்து தப்புதல் அரிது. இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்டவை அவ்வாறு அருகருகே நிற்கும் இரு அமெரிக்கப் படங்கள். 2005இல் வெளிவந்த 'கதுலுவின் அழைப்பு' ஒன்று. 2011இல் வந்த 'இருளில் முணுமுணுப்போன்' மற்றது. இவற்றை ஆக்கியோர் ஹொலிவூட் முதலாளிகள் அல்லர், எச். பி. லவ்கிராப்ட் (1890–1937) என்னும் எழுத்தாளரின் பெயரால் அமைந்த ஓர் இரசிகர் கழகத்தினர்.

பேய்க்கதைகளில் வரும் பேய்க்கு மனிதன்மேல் கோபமாவது இருக்கும். லவ்கிராப்ட் படைத்த அண்டவெளிப் பூதங்களுக்கு அதுவும் இல்லை. நாம் எறும்பைக் கவனியாது நடப்பதுபோல் அவை நம்மைக் கவனியாது கடந்து செல்கின்றன. அவர் கதைகளின் அச்சம் அதுவே. அதைத் திரையிற் காட்டுவது எவ்வாறு? உருவத்தைத் தெளிவாகக் காட்டினால் அது வெறும் மிருகமாகிவிடும். காட்டாவிட்டாலோ பார்ப்போர் ஏமாறுவர்.

முதற் படத்தை நெறிப்படுத்திய அன்ட்ரூ லீமன் இதற்குக் கண்ட வழி வியக்கத்தக்கது. மூலக்கதை அச்சேறியது 1928இல். அந்த ஆண்டிலேயே படமாகியிருந்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படியே, கறுப்பு வெள்ளையில், பேச்சின்றி எடுத்துவிட்டார். செலவு சுமார் 50,000 டொலர்; ஓடும் நேரம் 47 நிமிடம். கடல் என்பது மினுங்கும் துணி. ஆழத்திலிருந்து எழும் நகரமோ கோணல் மாணலாக நிறுத்திய மட்டையும் பலகையும். பூதம் ஒரு பொம்மை. சிறிது சிறிதாக அசைத்துப் படம்பிடித்திருக்கின்றனர். வண்ணப் படத்தில் இவையெல்லாம் நகைப்புக்கு இடமாகியிருக்கும். பழைய ஊமைப் படத்தின் மரபுக்குள் வைத்தபோது ஒரு கெட்ட கனவின் தன்மையைப் பெற்றுவிடுகின்றன. வறுமையே இங்கு கலையாயிற்று எனலாம்.

இன்னுமொரு நன்மையும் உண்டு. மூலக்கதையில் வெள்ளையரல்லாதாரையும் கலப்பினத்தாரையும் இழிவாகச் சுட்டும் சொற்கள் மலிந்துள்ளன. அவரிடம் இருந்த பெருங் குறை அது. ஊமைப் படத்தில் எழுத்துப் பலகைகளுக்கு இடம் குறைவாதலால் அந்த நடையின் பெரும்பகுதி தானே உதிர்ந்துவிடுகிறது.

இரண்டாவது படத்தை நெறிப்படுத்தியவர், முந்தியதற்குக் கதைவசனம் எழுதிய ஷோன் பிரானி. மூலக்கதை 1931இல் வெளிவந்தது. ஆகவே படமும் அக்காலப் பேசும் படத்தின் சாயலில் அமைந்தது. 1927இல் வெர்மொண்ட் மாநிலத்தில் உண்மையாகவே வந்த பெருவெள்ளத்தில் விசித்திர உடல்கள் மிதந்தனவாம். இலக்கியப் பேராசிரியர் ஒருவர் அதன் காரணத்தைத் தேடிச் செல்கிறார். (1930இல் புளூட்டோ கண்டுபிடிக்கப்பட்டபோது இக்கதையை எழுதிக்கொண்டிருந்த லவ்கிராப்ட், அப்புதுக் கோளையே தம் பூதங்களின் இருப்பிடமாக்கிக்கொண்டார்.) முதற் படத்தில் நடித்த மற் போயரே பேராசிரியராக வருகிறார். முற்பகுதி மிக நன்று. மழை, தனித்த பண்ணைவீடு, இருட்டறையில் நாற்காலியை விட்டு எழாத நோயாளியின் தணிந்த குரல். அந்தக் குரலே நம்மை அச்சுறுத்தப் போதுமாயிருந்தது.

ஆனால் லவ்கிராப்ட் கதையை நிறுத்திய இடத்திற் படம் நிற்கவில்லை. ஒரு சிறுமியைச் சேர்த்து, சிறு விமானத்தில் ஏற்றி, வானத்தில் துரத்தலும் வைத்திருக்கின்றனர். கணினியின் உதவியால் பூதங்கள் சிறகடித்துப் பறந்து வருகின்றன. நன்றாகவே பறக்கின்றன, அச்சம்தான் பறந்துபோயிற்று. பணமும் கருவியும் கைக்கு வந்ததும் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை மேலிட்டது போலும். அப்படியிருந்தும், கடைசிக் காட்சியில் வரும் ஒரு திருப்பம் மூலக்கதையில் இல்லாதது, அதைவிடக் கொடியது. அதற்காகவே இப்படத்தைத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.

இரண்டில் ஒன்றுதான் பார்க்க நேரமுண்டு என்பார்க்கு நாம் ஊமைப் படத்தையே சொல்லுவோம். மாணவர்கள் மூலக்கதையை முதலிற் படித்துவிட்டுப் பார்த்தால், எதை விட்டார்கள், எதை வைத்தார்கள் என்பது விளங்கும். வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பின், மனித மூளையை உருளையில் அடைத்துப் பேசவைக்கும் காட்சி இரண்டாவது படத்தில் உண்டு; அவர்கள் உறங்கியபின் பார்ப்பது நலம்.